பழைய மாளிகையில், பார்வையாளர் நடுவே போட எந்த நகைச்சுவை நாடகம் பொருந்தும்?

என் தேர்வு, ஆஸ்கார் வைல்டின் 'தி இம்பார்ட்டன்ஸ் ஆஃப் பீயிங் எர்னஸ்ட்'. 1895-இல் லண்டனில் அரங்கேறியது. மூன்று அங்கங்களும் வீட்டைச் சுற்றியே நடக்கும்: லண்டன் வீட்டு அறை, கிராமத்து மாளிகைத் தோட்டம், அதே மாளிகையின் உள்ளறை. அங்கத்துக்கு அங்கம் பார்வையாளரைக் கூட்டிப்போனால் சரி, செட் போடும் வேலை பெரிதாக இல்லை.

முதல் அங்கத்தில், தன் அத்தைக்காக வைத்த வெள்ளரிக்காய் சாண்ட்விச்சை, அந்த லண்டன் வீட்டுக்கார இளைஞன் ஆல்ஜெர்னனே தின்று தீர்ப்பான். சந்தையில் வெள்ளரிக்காயே இல்லை என்று வேலைக்காரர் லேன் கூசாமல் புளுகுவார். விருந்தாளிகளாக உட்கார்ந்திருக்கும் நமக்கும் ஆளுக்கொரு துண்டு கொடுத்துவிட்டால், அத்தை முன்னால் நாமும் கூட்டுக் களவாணிகள்!

ஆனால் பார்வையாளரைப் பேசவிடாதீர்கள். வைல்டின் சிரிப்பு சொல்லின் தாளத்தில் இருக்கிறது. குறுக்கே ஒருவர் பேசினால் போச்சு. அப்புறம், பழைய மரத்தரை கிறீச்சிடும். கூட்டம் அறை மாறும்போது வசனம் வேண்டாம்.