வேலை சரியில்லை என்று சஸ்பெண்ட் செய்தால் நடுவரிடம் போக முடியுமா?

கேள்வி: திருநெல்வேலி – திருச்செந்தூர் பாதையில் டிராக்மேனாக (தண்டவாளப் பராமரிப்பு ஊழியராக) இருக்கிறேன், சில ஆண்டுகளாகப் பாதையை நடந்தே பார்த்துப் பிணைப்புகளைச் சரிசெய்யும் கீமேன் பணி பார்த்து வருகிறேன். "வேலை திருப்தியில்லை, கடமையில் ஈடுபாடு இல்லை" என்று சொல்லி மூன்று வாரங்களுக்கு முன் என்னை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். சார்ஜ்ஷீட் (துறை தரும் குற்றச்சாட்டுக் குறிப்பாணை) இன்னும் வரவில்லை. தவறை ஒப்புக்கொண்டு கடிதம் எழுதிக் கொடுத்தால் திரும்ப எடுத்துக்கொள்வதாக வாய்மொழியாகச் சொல்கிறார்கள். அமெரிக்காவில் ரயில் கம்பெனியில் வேலை பார்க்கும் என் மைத்துனரை இதே காரணத்துக்காக 30 நாள் சஸ்பெண்ட் செய்தபோது, அவர் யூனியன் மூலம் நடுவரிடம் போய்ச் சம்பளத்தைத் திரும்பப் பெற்றார். நானும் அப்படிப் போக முடியுமா? அதுவரை வேறு வேலை பார்க்கலாமா?

பதில்: உங்கள் மைத்துனருக்குக் கிடைத்த நடுவர் உங்களுக்குக் கிடைக்கமாட்டார். ஆனால் அவருக்கு வெற்றி தேடித் தந்த வழிமுறை உங்கள் கைக்கு எட்டும் தொலைவிலேயே இருக்கிறது.

அமெரிக்காவில் 1926-ஆம் ஆண்டின் ரயில்வே தொழிலாளர் சட்டமும், 1934-இல் அதில் செய்யப்பட்ட திருத்தத்தால் உருவான தேசிய ரயில்வே தீர்வு வாரியமும் இத்தகைய தனிநபர் வழக்குகளைக் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு உட்படுத்துகின்றன. அந்த நடுவர் புதிதாகச் சாட்சிகளை அழைத்து விசாரிப்பதில்லை. நிர்வாகம் தன் இடத்தில் நடத்திய விசாரணையின் பதிவை மட்டுமே வாசித்து, விசாரணை நியாயமாக நடந்ததா, குற்றச்சாட்டுக்குப் போதிய சான்று உண்டா, தண்டனை அளவு மீறியதா என்று பார்க்கிறார். அந்தப் பதிவில் இடம்பெறாத எதையும் பிற்பாடு எடுத்துச் சொல்ல முடியாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் நிலையும் அவர் நிலையும் பெரும்பாலும் ஒன்றுதான். இங்கும் மேல்முறையீட்டு அதிகாரியும் தீர்ப்பாயமும் வாசிக்கப்போவது முதல் விசாரணையின் கோப்பைத்தான்.

நம் நாட்டில் மத்திய அரசு ஊழியர்களுக்கு 1966 முதல் உள்ள, அரசும் ஊழியர் தரப்பும் கூடிப் பேசும் கூட்டு ஆலோசனை ஏற்பாட்டில் கட்டாய நடுவர் தீர்ப்புக்கு இடமுண்டு. ஆனால் ஒரு பிரிவினரின் சம்பளம் மற்றும் படிகள், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்றோடு அது நின்றுவிடுகிறது. தனிநபர் வழக்குகள் அதற்குள் வரமாட்டா. இரு தரப்பும் எழுத்து மூலம் ஒப்புக்கொண்டால் நடுவரை அமர்த்திக்கொள்ளத் தொழிலாளர் சட்டம் வழிவிடுகிறது என்றாலும், தனி ஒரு டிராக்மேனின் சஸ்பென்ஷனுக்காக நிர்வாகம் அப்படி ஒரு தாளில் கையெழுத்திடும் என்று நம்பிக் காத்திருப்பது நாளை வீணாக்குவதாகும்.

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். உங்கள் மைத்துனருக்கு விதிக்கப்பட்ட 30 நாள் சஸ்பென்ஷனே அங்கு தண்டனை. 1968-ஆம் ஆண்டின் ரயில்வே ஊழியர் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளில் 6-ஆம் விதி, கண்டிப்பு தொடங்கிப் பணிநீக்கம் வரை தண்டனைகளை வரிசைப்படுத்துகிறது; அவ்வரிசையில் சஸ்பென்ஷன் இல்லை. 5-ஆம் விதியின்படி அது நடவடிக்கை நிலுவையில் இருக்கும்போதோ எடுக்க எண்ணியிருக்கும்போதோ செய்யப்படும் இடைக்கால ஏற்பாடு மட்டுமே. ஆகவே "வேலை சரியில்லை என்பதற்காகச் சஸ்பெண்ட் செய்கிறோம், கடிதம் கொடுத்தால் எடுத்துக்கொள்கிறோம்" என்ற பேச்சு, விதியில் இல்லாத ஒரு தண்டனையைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருவதாகவே எனக்குப் படுகிறது.

இந்தச் சஸ்பென்ஷன் ஆணையை எதிர்த்தே 18-ஆம் விதியின்கீழ் மேல்முறையீடு செய்யலாம். ஆணை கையில் கிடைத்த நாளிலிருந்து 45 நாள் அவகாசம். மூன்று வாரம் போய்விட்டது என்கிறீர்கள். மீதியைச் சார்ஜ்ஷீட்டை எதிர்பார்த்துக் கழித்துவிட வேண்டாம். உங்கள் பாதை மதுரைக் கோட்டத்தில் இருப்பதால் மனு அக்கோட்டத்தின் மேல்முறையீட்டு அதிகாரிக்குப் போக வேண்டும். (நெல்லைக்குத் தெற்கே நாங்குநேரி, வள்ளியூர்ப் பக்கம் பணிபுரிவோருக்குக் கோட்டம் திருவனந்தபுரம் என்பதை இதைப் படிக்கும் மற்றவர்கள் மறக்க வேண்டாம்.) சார்ஜ்ஷீட் வராமலேயே மூன்று மாதம் கடந்துவிட்டால், அதற்கு மேல் சஸ்பென்ஷன் நீளக்கூடாது என்று அஜய் குமார் சௌத்ரி வழக்கில் உச்ச நீதிமன்றம் 2015-இல் கூறியதை எடுத்துக்காட்டி இன்னொரு மனு கொடுக்கலாம்.

இனி வழக்கின் உயிர்நாடிக்கு வருவோம். திறமைக் குறைவு வேறு, ஒழுங்கீனம் வேறு. அசாமில் மாவட்ட ஆட்சிப் பொறுப்பில் இருந்த ஜே. அகமது என்ற அதிகாரி கலவரத்தைத் திறம்படக் கையாளவில்லை என்று தண்டிக்கப்பட்ட வழக்கில், எதிர்பார்த்த உயர்ந்த தரத்தை எட்டாததும் செயல்திறன் குறைந்திருப்பதும் மட்டுமே ஒழுங்கீனம் ஆகிவிடாது என்று உச்ச நீதிமன்றம் 1979-இல் தீர்ப்பளித்தது. ஆனால் அந்தத் தீர்ப்பை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் வழுக்கி விழ நேரும். கவனக்குறைவின் நேர் விளைவாகப் பெரும் சேதம் நேர்ந்தால் அது ஒழுங்கீனமாகலாம் என்று அதே தீர்ப்பு சொல்கிறது. கீமேனின் வேலை ரயில் பாதுகாப்போடு பிணைந்தது என்பதால் நிர்வாகம் இந்த வழியைத்தான் முதலில் தேடும். அது போக, 1966-ஆம் ஆண்டின் ரயில்வே நடத்தை விதிகளில் 3-ஆம் விதி, ஒப்படைத்த வேலையை உரிய நேரத்திலும் எதிர்பார்த்த தரத்திலும் முடிக்க வழக்கமாகவே தவறும் ஊழியரைக் கடமையில் ஈடுபாடு இல்லாதவராகக் கருத இடம் தருகிறது. அப்படியானால் நிர்வாகம் காட்ட வேண்டியது ஒரு நாள் குறையை அன்று, தொடர்ச்சியை. எந்தத் தேதிகளில், எந்தக் கிலோமீட்டரில், என்ன குறை கண்டார்கள், அன்றைக்கே எழுத்தில் எச்சரித்தார்களா என்பவற்றுக்கு ஆவணம் வேண்டும். தேதியும் இடமும் சொல்லாத "வேலை திருப்தியில்லை" என்பது அபிப்பிராயம் மட்டுமே.

உங்கள் பக்கத்துக்கும் ஆவணம் வேண்டும். கேங் (பாதைப் பராமரிப்புக் குழு) டைரி, மஸ்டர் (வருகைப் பதிவேடு), கீமேன் கொண்டுபோகும் ஜி.பி.எஸ். கருவியின் பதிவு, அதிகாரிகள் டிராலியில் வந்து பார்த்து எழுதிய குறிப்புகள் ஆகியவற்றில் எவை உங்களுக்குச் சாதகமோ அவற்றின் நகலை இப்போதே எழுத்து மூலம் கேட்டு வையுங்கள். அந்த மாதங்களில் கேங்கில் எத்தனை பேர் குறைவாக இருந்தார்கள், கிளிப்பும் மற்ற சாமான்களும் கேட்டுக் கிடைக்காத நாட்கள் எவை, உங்களை வேறு வேலைக்கு இழுத்துக்கொண்ட நாட்கள் எவை என்று ஒரு பட்டியல் போடுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டம் பக்கம் தண்டவாளத்தின் அடியிலிருந்த ஜல்லி அரித்துப் போய், சென்னை செல்லும் ரயிலின் பயணிகள் நூற்றுக்கணக்கில் சிக்கிக்கொண்டதை அப்பகுதியினர் யாரும் மறந்திருக்க முடியாது. அத்தகைய பாதையில் ஐப்பசி, கார்த்திகை மழைக்காலக் குறையை ஒரு மனிதரின் அசட்டையாக எழுதுவதற்குமுன், மழையின் பங்கு எவ்வளவு என்று கேட்பது நியாயமான எதிர்வாதம். உடல்நிலை காரணமாக நடை குறைந்திருந்தால் ரயில்வே மருத்துவமனைச் சீட்டுகளையும் சேருங்கள். அது மருத்துவத் தகுதி பற்றிய தனிக் கேள்வியாகவே மாறக்கூடும்.

சார்ஜ்ஷீட் வந்ததும் அது எஸ்.எஃப்.11-ஆ, எஸ்.எஃப்.5-ஆ என்று பாருங்கள். முன்னது சிறு தண்டனைக்கானது, பின்னது பெரிய தண்டனைக்கானது. இரண்டுக்கும் பதில் எழுதப் பத்து நாள். எஸ்.எஃப்.5 என்றால் குற்றச்சாட்டு, அதன் விவரம், ஆவணப் பட்டியல், சாட்சிப் பட்டியல் என நான்கு இணைப்புகள் இருக்க வேண்டும். விசாரணையில் உங்களுக்குத் துணையாக ஒரு சக ஊழியரையோ யூனியன் பொறுப்பாளரையோ டிஃபென்ஸ் ஹெல்ப்பராக வைத்துக்கொள்ளலாம். குரல் பெரியவரைத் தேடுவதைவிட, பாதை வேலை தெரிந்தவரையும் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யப் பொறுமை உள்ளவரையும் தேடுங்கள். எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா என்பார்கள்; விசாரணை அதிகாரி உங்கள் கேள்வியைப் பதிவு செய்ய மறுத்தால், அந்த மறுப்பையே அன்றைய நடவடிக்கைக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள்.

நடவடிக்கை சிறு தண்டனையோடு முடிந்தால், சஸ்பென்ஷன் முற்றிலும் நியாயமற்றது என்று கருதி அக்காலத்துக்கு முழுச் சம்பளம் தர வேண்டும் என்பது மத்திய அரசு 1985-இல் வெளியிட்டு ரயில்வேயும் ஏற்ற அறிவுறுத்தல். மைத்துனர் நடுவரிடம் வாங்கிய பணத்துக்கு உங்கள் பக்கத்து ஈடு இதுதான். ஆகவே தண்டனை ஆணை வந்தவுடன் இந்தக் கோரிக்கையைத் தனி மனுவாகக் கொடுங்கள். கேட்காதவர்களுக்குப் பல நேரம் இது கிடைப்பதில்லை.

தவறை ஒப்புக்கொள்ளச் சொல்லி அவர்கள் கேட்கும் கடிதத்தைக் கொடுக்காதீர்கள். விசாரணை தொடங்கினால் அது உங்களுக்கெதிரான முதல் ஆவணமாகும். பேச்சு முறிந்துவிடக் கூடாது என்று நினைத்தால், "சஸ்பென்ஷனை விலக்கிக்கொண்டால் ஒப்படைக்கும் பணியைச் செய்யத் தயாராக இருக்கிறேன்" என்ற ஒரே வரியோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

மேல்முறையீடும் கைகொடுக்காவிட்டால் மத்திய நிர்வாகத் தீர்ப்பாயத்தின் சென்னை அமர்வு இருக்கிறது. மேல்முறையீடு செய்து ஆறு மாதம் வரை பதில் வராவிட்டாலும் அங்கு போகலாம். பதில் வந்தால் அந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் போக வேண்டும். அதற்கு மேல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இவ்விரண்டும் சாட்சியத்தை மறுபடி எடைபோடுவதில்லை. மனசாட்சியை உலுக்கும் அளவுக்குத் தண்டனை கடுமையாக இருந்தால் தலையிடலாம் என்று பி.சி. சதுர்வேதி வழக்கில் உச்ச நீதிமன்றம் 1995-இல் வரம்பு வகுத்திருக்கிறது.

வேறு வேலை பார்க்கலாமா என்றால், கூடாது. சஸ்பென்ஷன் காலத்தில் அரைச் சம்பள விடுப்புக்குரிய தொகையும் அதற்கான பஞ்சப்படியும் பிழைப்பூதியமாக வரும். வேறு வேலையோ தொழிலோ செய்யவில்லை என்று நீங்கள் சான்று எழுதிக் கொடுத்தால்தான் அது வழங்கப்படும். மூன்று மாதத்துக்குப் பிறகும் உங்கள் தவறின்றி நடவடிக்கை இழுத்தால் அத்தொகையைப் பாதி வரை கூட்டித் தரக் கேளுங்கள். பிழைப்பூதியமே தராமல் விசாரணை நடத்தினால், அது நியாயமான விசாரணை ஆகாது என்பதற்கு உச்ச நீதிமன்றத்தின் 1999-ஆம் ஆண்டுப் பால் ஆண்டனி தீர்ப்பைச் சுட்டி, விசாரணை தொடங்கும் நாளிலேயே ஆட்சேபத்தைப் பதியுங்கள். தலைமையிடத்தை விட்டு வெளியூர் போவதற்கு முன்னும் எழுத்தில் அனுமதி பெற்றுக்கொள்ளுங்கள்.