பெர்க்லி பல்கலைக்கழகத்தின் ஹாஸ் வணிகப் பள்ளியில் நேராக மூன்றாம் ஆண்டில் சேர முடியுமா?

முடியும். அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் பலர் முதல் இரண்டு ஆண்டுகளைக் கட்டணம் குறைந்த சமுதாயக் கல்லூரியில் படித்துவிட்டு, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்துக்கு மாறுகிறார்கள். இதைத்தான் 'ஜூனியர் டிரான்ஸ்ஃபர்' என்கிறார்கள். பெர்க்லிக்கு இப்படி மாற 60 செமஸ்டர் யூனிட்டுகள், அதாவது படித்து முடித்த பாடங்களுக்கான மதிப்பு அலகுகள், வேண்டும்.

ஆனால் பலர் கோட்டைவிடுவது வேறிடத்தில். கால்குலஸ், புள்ளியியல், பொருளாதாரம் போன்ற அடிப்படைப் பாடங்களை, சேரும் ஆண்டின் வசந்தப் பருவத்துக்குள், அதாவது கோடை விடுமுறைக்கு முந்தைய பருவத்துக்குள், முடித்திருக்க வேண்டும். 'புள்ளியியல் ஒன்றுதானே, கோடையில் படித்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டவருக்கு மற்றப் பாடங்களில் 'ஏ' வாங்கியிருந்தும் பயனில்லை. தயவுசெய்து அந்தத் தவற்றைச் செய்யாதீர்கள்.

ஏன் இந்தக் கறார்? எஞ்சியிருப்பது இரண்டே ஆண்டுகள். வந்ததுமே நிதி, கணக்கியல் வகுப்புகள் தொடங்கிவிடும், அடிப்படையைச் சொல்லித்தர நேரமில்லை. இரவே அரைத்துப் புளிக்க வைத்த மாவுதானே காலையில் இட்லியாகும்! இடங்களும் மிகக் குறைவு.

'முதலில் பெர்க்லியில் பொருளாதாரம் சேர்ந்துவிட்டு, பிறகு ஹாஸுக்குத் தாவலாம்' என்று பலர் நம்புகிறார்கள்; வேறு துறைக்கு டிரான்ஸ்ஃபரில் வந்தவர்கள் அப்படி மாற முடியாது.