தவிட்டுக்கு வாங்கிய பிள்ளை

அன்புள்ள தவுட்டுராசா அவர்களுக்கு,

உங்கள் கட்டுரைகளைப் பல வருடமாகப் படித்து வருகிறேன். கேட்க நினைத்துத் தள்ளிப்போன கேள்வி ஒன்று உண்டு. எதற்காக இப்படி ஒரு பெயர்? என் கணவர் இதைத் தன்னடக்கம் என்கிறார். ‘நான் வெறும் தவிடு’ என்று சொல்லிக்கொள்கிறீர்களாம். எனக்கோ, யாரோ மட்டம்தட்ட வைத்த பட்டப்பெயரை நீங்கள் வீம்புக்குச் சூடிக்கொண்டதாகத் தோன்றுகிறது. சின்ன வயதில் என் அம்மாவும் ‘உன்னைத் தவிட்டுக்கு வாங்கினேன்’ என்று சொல்வார். போன மாதம் அதையே நான் என் மகளிடம் சொல்லப்போய், அவள் அழுது ஊரைக் கூட்டிவிட்டாள். இன்னொன்று, என் தாத்தா பெயர் பிச்சமுத்து. அதனால் இந்த மாதிரிப் பெயர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் சொந்த அக்கறையும் இருக்கிறது.

எஸ்., ஈரோடு

*

அன்புள்ள எஸ்.,

தன்னடக்கமும் இல்லை, வீம்பும் இல்லை. உங்கள் வீட்டில் இரண்டு பேருக்குமே தோல்விதான். நான் நிஜமாகவே தவிடு கொடுத்து வாங்கப்பட்ட பிள்ளை.

அக்காவுக்கு அப்புறம் பிறந்த இரண்டு ஆண்பிள்ளைகள் எங்கள் வீட்டில் தங்கவில்லை. மூன்றாவதாக நான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு கரிசல் கிராமம், எழுபதுகளின் தொடக்கம். ஆச்சி இந்தத் தடவை முன்கூட்டியே முடிவெடுத்து வைத்திருந்தாள். என்னைச் சொளகில் கிடத்தி வீட்டுக்குப் பின்னால் இருந்த குப்பைமேட்டில் கொண்டுபோய் வைத்தார்கள். பெற்ற பிள்ளை ஒன்றைக்கூடச் சாகக் கொடுக்காத எதிர்வீட்டுப் பெரியம்மை, ஏதோ வழியோடு போகிறவள் மாதிரி வந்து, ‘யாரு பெத்த பிள்ளையோ’ என்று தூக்கிக்கொண்டு போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா ஒரு படி தவிட்டோடு அவள் வாசலில் போய் நின்று என்னை விலைக்குக் கேட்டாள். பேரம்கூட நடந்ததாம். ‘ஒரு படி எந்த மூலைக்கு?’ என்று பெரியம்மை இழுக்க, பச்சை உடம்புக்காரியை நிற்க வைத்துவிட்டு என்ன நாடகம் என்று ஆச்சி சத்தம் போட்ட பிறகுதான் வியாபாரம் படிந்தது.

நாடகம்தான். ஆனால் பார்க்க வேண்டிய ஆளுக்காக நடத்திய நாடகம். குப்பையில் கிடந்து, மாட்டுத்தொட்டிக்குப் போகிற தவிட்டுக்குக் கைமாறிய பிள்ளையை எமன் எதற்குத் தேடி வரப்போகிறான்? கண்ணேறு அதன்மேல் விழுந்து என்ன ஆகப்போகிறது? இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. பிள்ளை தங்காத ராசி அம்மாவுடையது. நானோ இப்போது பெரியம்மை வீட்டுப் பிள்ளை, அம்மா வெறுமனே வாங்கி வளர்க்கிறவள். பத்திரம் பதிந்து சொத்தை மனைவி பேருக்கு மாற்றுகிற ஆட்களுக்கு இந்த யோசனை சட்டென்று புரியும்.

இவ்வளவும் செய்து ‘தவுடு’ என்று பெயரும் வைத்த ஆச்சியால், தூக்கிக் கொஞ்சும்போது வாயைக் கட்ட முடியவில்லை. கூடவே ஒரு ‘ராசா’வைச் சேர்த்துவிட்டாள். ஒளித்து வைத்ததை அவளே காட்டிக்கொடுத்த மாதிரிதான். எமன் கவனிக்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் தாத்தா பெயருக்கு இதே காரணம் இருக்கலாம். குப்பையில் புரட்டி எடுத்தால் குப்பன், குப்பாயி, குப்பம்மாள், குப்புசாமி. வீடுவீடாகப் போய் துணியோ அரிசியோ பிச்சை கேட்டு வாங்கி அதைப் பிள்ளைக்குப் பயன்படுத்தினால் பிச்சை, பிச்சமுத்து, பிச்சம்மாள். மூக்குக் குத்தி விட்டால் மூக்கன், மூக்கம்மாள். பிச்சை என்ற பெயரைத் தமிழ் முஸ்லிம் குடும்பங்களிலும் பார்க்கலாம். பயம் எல்லா வீட்டுக்கும் பொதுவாக இருந்திருக்கிறது. ‘போதும்பொண்ணு’, ‘வேண்டாம்’ போன்றவற்றை இந்தப் பட்டியலில் சேர்க்காதீர்கள். அவை அடுத்ததாவது ஆணாகப் பிறக்கட்டும் என்று வைத்தவை. அந்தப் பெண்பிள்ளைகளைப் பிழைக்க வைப்பதற்காக யாரும் மெனக்கெட்டு வைத்ததில்லை.

தமிழ்நாட்டோடு இது முடியவில்லை. வங்காளத்தில் மிட்னாபூர் பக்கம் 1889-ல் ஒரு பையன் பிறந்தான். அவனுக்கு முன்னால் பிறந்த இரண்டு அண்ணன்கள் இறந்துபோயிருந்தார்கள். மூத்த அக்கா மூன்று கைப்பிடி நொய்யரிசி கொடுத்து அம்மாவிடமிருந்து அவனை வாங்கிக்கொண்டாள். நொய்யை அங்கே ‘குத்’ என்பார்கள். அதனால் பையன் குதிராம். ஆமாம், சுதந்திரப் போராட்ட வீரர் குதிராம் போஸ்தான். முஜாபர்பூர் வெடிகுண்டு வழக்கில் 1908 ஆகஸ்ட் 11-ம் தேதி தூக்கிலிடப்பட்டபோது வயது பதினெட்டு. பள்ளிக்கூடத்தில் அவரைப் பற்றிப் படித்தபோது வீரத்தைச் சொன்னார்கள், பெயரைச் சொல்லவில்லை. நொய் கொடுத்து வாங்கியவர் என்று பிற்பாடு தெரியவந்தபோது, தூரத்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.

என் அண்ணன்மார் எதனால் போனார்கள் என்பதை ஆச்சி சொன்னதை வைத்து ஊகிக்க முடிகிறது. பிறந்த இரண்டு நாள் நன்றாகப் பால் குடித்த பிள்ளை, அப்புறம் வாய் திறக்காமல், உடம்பு விறைத்துப் போயிற்று என்பாள். ரணஜன்னியாக, அதாவது டெட்டனஸாக, இருந்திருக்கலாம். தொப்புள்கொடியைச் சுத்தமில்லாத அரிவாளாலோ பிளேடாலோ அறுத்து, மேலே சாம்பலோ சாணியோ வைத்தால் வருகிற நோய். அதன் போக்கைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளை முழு ஆரோக்கியத்தோடு பிறக்கிறது. ஊர்க்காரர்கள் வந்து பார்த்து, ‘என்ன மொழுமொழுன்னு இருக்கான்’ என்று சொல்லிவிட்டுப் போகிறார்கள். அடுத்த சில நாளில் விழுந்துவிடுகிறது. இதைக் கண்ணால் பார்த்தவர்கள் கண்ணேறை நம்பாமல் வேறு எதை நம்பியிருப்பார்கள்? மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் இதைத் தள்ளிவிடுகிறவர்கள் மேல் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. அரிவாளைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அந்தக் காலத்து ஆட்கள் சந்தேகப்பட்டுப் பார்த்துவிட்டார்கள்.

1971-ல் இந்தியாவில் உயிரோடு பிறந்த 1000 குழந்தைகளில் 129 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020-ல் அது 28, தமிழ்நாட்டில் 13. கர்ப்பிணிகளுக்கு ரணஜன்னியைத் தடுக்கிற டிடி ஊசி வந்தது, பிரசவம் ஆஸ்பத்திரிக்குப் போனது. தாய்க்கும் சிசுவுக்கும் வருகிற ரணஜன்னியை இந்தியா ஒழித்துவிட்டதாக 2015-ல் உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. இன்று பிரசவ வார்டில் யாரும் பிள்ளைக்குக் குப்பன் என்று பெயர் வைப்பதில்லை. நாகரிகம் வந்ததால் என்று சிலர் சொல்வார்கள். தேவை தீர்ந்ததும் ஒரு காரணம் என்பது என் கட்சி.

சரி, பெயருக்கு வருகிறேன். ‘தவிட்டுக்கு வாங்கினது’ என்று கேலி செய்யாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. மற்ற பிள்ளைகள் அழுதுகொண்டு அம்மாவிடம் ஓடினால், ‘சும்மா சொன்னாடா’ என்று சமாதானம் கிடைக்கும். நான் ஓடினால் அம்மா, ‘ஆமா, நெசந்தான்’ என்பாள். எதிர்வீட்டில் சாட்சியும் இருந்தது. பெரியம்மை தீபாவளிக்குத் தீபாவளி வந்து, ‘எம்பிள்ளைக்குத் துணி எடுத்தாச்சா?’ என்று அதிகாரமாகக் கேட்பாள். மீன் குழம்பு வைத்தால் எனக்கு ஒரு பங்கு வந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பையன்கள் என்னைக் கிண்டல் செய்ய எடுத்துக்கொண்ட விஷயம், எனக்கு இரண்டு வீட்டில் சாப்பாடு போட்டது. அதனால் அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு எனக்கு வலிக்கவில்லை. அக்கா மட்டும் அதை இன்றைக்கும் சண்டைக்கு எடுப்பாள், அது வேறு.

சான்றிதழில் எனக்கு நல்ல சாமி பெயர் ஒன்று இருக்கிறது. கல்யாணப் பத்திரிகையில் அதையும் போட்டு, (எ) போட்டுத் தவுட்டுராசாவையும் சேர்த்தார்கள். இல்லாவிட்டால் ஊரில் பாதிப் பேருக்கு மாப்பிள்ளை யாரென்றே தெரிந்திருக்காது. பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து முதல் மின்னஞ்சல் முகவரி போட்டபோது, அந்தச் சாமி பெயரை எனக்கு முன்னாலேயே ஏகப்பட்ட பேர் எடுத்துவிட்டிருந்தார்கள். தவுட்டுராசாவை யாரும் சீந்தியிருக்கவில்லை. அவ்வளவுதான் கதை.

உங்கள் மகள் விஷயம். அந்தப் பிள்ளை அழுததில் தப்பே இல்லை. தவிடு விலைக்கு ஆள் கிடைக்கும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. அவளிடம் நிஜக் கதையைச் சொல்லுங்கள், எமனை ஏமாற்றுகிற பகுதி பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும்.

அப்புறம் தாத்தா. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது நம் வழக்கம் என்பதால், எல்லாப் பிச்சமுத்துவும் பிச்சையெடுத்துக் காப்பாற்றிய பிள்ளை என்று அர்த்தமில்லை. அவருக்கே அவருடைய தாத்தாவிடமிருந்து வந்திருக்கலாம். உங்கள் வீட்டு மூத்தவர்களிடம், அவருக்கு முன்னால் பிறந்தவர்கள் எத்தனை பேர், அந்தப் பெயர் குடும்பத்தில் அதற்கு முன்பே இருந்ததா என்று கேட்டுப் பாருங்கள். தெரிந்தால் எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்,
தவுட்டுராசா