கம்பி வைத்த முட்டி உறையும் கம்பத்து அம்மாவும்

கேள்வி: கம்பத்தில் குடியிருக்கிறோம். என் அம்மாவுக்கு 54 வயது. விடியுமுன் ஜீப் ஏறி, மலைமேல் ஏலத்தோட்டத்தில் காய் எடுக்கப் போகிறார். மூன்று மாதமாக வலது முட்டியில் வலி. இறக்கத்தில் இறங்கினால் கூடுகிறது. குமுளியில் ஒரு கடையில் இருபுறமும் கம்பி வைத்த உறையைக் கொடுத்து, “இதுதான் ஸ்ட்ராங்” என்றார்கள். விலை 900 ரூபாய். அதைப் போட்டுக்கொண்டு அம்மாவால் குத்தவைக்கவே முடியவில்லை. பில் தரவில்லை. திருப்பிக் கொடுத்தால், “விற்ற பொருளை வாங்குவதில்லை” என்கிறார்கள். வேறு எதை வாங்கலாம்? பணம் கிடைக்குமா?

பதில்: கடைக்காரர் முட்டியைப் பார்த்தாரே தவிர, என்ன வேலை என்று கேட்கவில்லை. ஏலக்காய்க் கொத்து செடியின் தூரடியில், தரையோடு படர்ந்து கிடக்கும். காய் எடுப்பவர் நாளெல்லாம் குத்தவைத்து நகர வேண்டும். கம்பியும் கீலும் வைத்த உறை, ஜவ்வு கிழிந்தவருக்கு முட்டி பக்கவாட்டில் நழுவாமல் தடுக்க மருத்துவர் எழுதித் தருவது. அம்மாவுக்கு அது கால்விலங்கு.

மூன்று மாத வலியை முதலில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். முட்டி வீங்கிச் சுட்டாலோ, மடக்கிய கால் நீட்ட வராமல் பூட்டிக்கொண்டாலோ எந்த உறையும் தீர்வாகாது. தேய்மானம்தான் என்றால் கம்பியில்லாத பின்னல் உறை போதும். இதமான சூடும் லேசான அழுத்தமும் கொடுக்கும், தேய்ந்ததை வளர்க்காது. முட்டிச்சில்லைச் சுற்றி வலித்தால், சில்லுக்கு நேரே வட்டத் திறப்பு உள்ளதைக் கேளுங்கள்.

எம், எல் என்ற எழுத்துகளை நம்பாதீர்கள். ஒரு கம்பெனியின் எம் இன்னொன்றுக்கு எல். பெட்டியில் இருக்கும் அட்டவணை முட்டியின் நடுவில் அளக்கச் சொல்கிறதா, தொடையிலா என்று பார்த்து நாடாவால் அளந்து வாங்குங்கள். அம்மாவையும் அழைத்துப் போய், கடையிலேயே போட்டு இரண்டு முறை குத்தவைத்து எழச் சொல்லுங்கள். பின்பக்கம் சுருண்டு சதையைக் கவ்வினால் வேண்டாம். கால்விரல் மரத்தாலோ சில்லிட்டாலோ உடனே கழற்ற வேண்டும். இரவில் அவசியமில்லை.

நியோப்ரீன் என்ற ரப்பர் போன்ற பொருளில் செய்த தடித்த உறை சூட்டோடு வேர்வையையும் காக்கும். மழையில் நனைந்தால் லேசில் காயாது. அட்டைப்பூச்சிக்கு உப்பு முடிந்து கொண்டுபோகிறவர்களுக்கு மலை ஈரத்தைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. பின்னல் உறையே இரண்டு வாங்கி, மாற்றி மாற்றித் துவைத்து நிழலில் காயப் போடலாம்.

பணத்துக்கு வருவோம். பொருளில் குறையில்லை, பொருத்தம்தான் இல்லை என்பதால் சட்டம் அவ்வளவு கைகொடுக்காது. வேறு உறையாக மாற்றித் தரச் சொல்லி நயமாகப் பேசிப் பாருங்கள். தையல் பிரிந்தோ கீல் கழன்றோ இருந்தால் கதை வேறு: அதைத் திரும்பப் பெற மறுப்பது 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். பில்லில் காலம் குறிக்காவிட்டால் 30 நாளுக்குள் பணம் தர வேண்டும். பில் தராததும் அதே சட்டத்தில் தவறுதான். பேச்சுவார்த்தையில் அதுதான் உங்கள் பிடி. மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். கடை கேரளத்தில் இருந்தாலும் நீங்கள் குடியிருப்பது கம்பம் என்பதால் தேனி மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை. பெட்டியையும், கைபேசியில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவையும் பத்திரப்படுத்துங்கள்.

கேள்வி: செங்கோட்டையில் தையல் கடை வைத்திருக்கிறேன். இரவில் கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப் போகின்றன. மணிக்கட்டுக்கு எந்த பெல்ட் வாங்குவது?

பதில்: துணிப் பட்டை போதாது. மணிக்கட்டை வளையாமல் நேராக நிறுத்தும் தகடு வைத்த உறையை வாங்கி, தூங்கும்போது போடுங்கள். வலக்கை, இடக்கை பார்த்து வாங்குங்கள். கட்டைவிரல் மேட்டுச் சதை வற்றியிருந்தால் உறையைத் தேடாமல் மருத்துவரிடம் போங்கள். கடையில் போட்டதும் விரல்களை மடக்கிப் பாருங்கள். தகடு உள்ளங்கை ரேகையைத் தாண்டி விரலை மறித்தால் அளவு பெரிது.