அம்மாவுக்கு ஒரு சுடோகு

அன்புள்ள அண்ணாச்சி,

அப்பா போனபிறகு அம்மா அம்பாசமுத்திரத்தில் தனியாக இருக்கிறார். வயது 74. நான் சென்னையில். கரண்ட் பில், கேஸ், மளிகை, மருந்து எல்லாவற்றையும் இங்கிருந்தே ஃபோனில் முடித்துவிடுகிறேன். அவருக்கு ஒரு சிரமமும் இல்லை. ஆனால் சமீபமாகச் சொன்னதையே சொல்கிறார். பெரியம்மாவுக்குக் கடைசிக் காலத்தில் மறதி நோய் இருந்தது, அதனால் பயம். மூளைக்கு வேலை கொடுத்தால் டிமென்ஷியா வராது என்கிறார்களே என்று டேப்லெட்டில் சுடோகு போட்டுக் கொடுத்தேன். தொட மாட்டேன் என்கிறார். வேறு என்ன கொடுக்கலாம்? வல்லாரை மாத்திரை பலன் தருமா?

ச.

அன்புள்ள ச.,

வல்லாரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், ருசியாக இருக்கும். பெரியம்மாவுக்கு வந்தது அம்மாவுக்கும் வந்தே தீரும் என்று ஒரு விதியும் இல்லை.

'ஒரு சிரமமும் இல்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு உறைத்தது. இதைப்பற்றி எழுத வேண்டும் என்று கொஞ்ச நாளாகவே நினைத்துக்கொண்டிருந்தேன்.

வீரவநல்லூரில் எங்கள் சித்தி ஒருத்தி. சித்தப்பா இறந்து, பிள்ளைகள் வெளியூர் போனபிறகும் வளவுக்கே கணக்குப்பிள்ளை அவள்தான். சீட்டுப் பிடித்தாள். யார் எத்தனை தவணை கட்டினார்கள், சீட்டை எடுத்துவிட்டு இழுத்தடிப்பது யார், எல்லாம் மனக்கணக்கு. நோட்டு ஒன்று இருந்தது, அவள் அதைப் பிரித்து நான் பார்த்ததில்லை. குத்தகைக்காரர் நெல்லோடு வந்தால் அன்று பெரிய வழக்கே நடக்கும். அணையில் தண்ணீர் திறந்த நாளிலிருந்து தொடங்கி, அவர் சொல்லும் ஒவ்வொரு சாக்குக்கும் பதில் வைத்திருப்பாள். அப்புறம் அவருக்கே சொதியும் சோறும் போட்டு அனுப்புவாள்.

மகன் பாசக்காரன். 'இந்த வயசுல ஒனக்கு எதுக்கும்மா இந்தப் பாடு' என்று சீட்டை நிறுத்தினான். குத்தகைப் பணம் அவன் கணக்குக்கே போனது. பால்காரருக்கும் அவனே அனுப்பினான். அந்த வீட்டுப் படியேற யாருக்கும் ஒரு காரணம் இல்லாமல் போயிற்று. சித்தி டிவி முன்னால் உட்கார்ந்தாள். பிறகு வந்த மறதி இதனால்தான் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் சும்மா உட்கார்ந்து அவள் மங்கிப்போனதைக் கண்ணால் பார்த்தேன்.

நியூயார்க்கில் 75 வயது தாண்டிய 469 பேரைத் தொடர்ந்து கவனித்து 2003இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வாசிப்பு, பலகை விளையாட்டு, வாத்தியம், நடனம் என்று இருந்தவர்களுக்கு டிமென்ஷியா குறைவாக வந்திருக்கிறது. நோய் உள்ளே தொடங்கியவர்கள் இவற்றை முதலில் கைவிட்டிருக்கவும் கூடும் என்பதால், எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது லேசில்லை. எனக்குப் பட்டது வேறு. தாயம் ஆடவும் நடனமாடவும் எதிரே ஆள் வேண்டும். சுடோகுவுக்கு யார் வேண்டும்? அம்மாவின் வேலையையெல்லாம் பிடுங்கிக்கொண்டு கையில் கட்டம் போட்ட விளையாட்டைக் கொடுத்திருக்கிறீர்கள். அவர் தொடாததில் எனக்கு சந்தோஷம்தான், தம்பி.

இன்னொன்று. லான்செட் மருத்துவ இதழ் அமைத்த குழு 2024இல் டிமென்ஷியாவுக்கு நாம் கைவைக்கக்கூடிய காரணங்கள் 14 என்று சொன்னது. தனிமை அதில் ஒன்று, காது கேளாமை இன்னொன்று. அம்மா சொன்னதையே சொல்கிறாரே, உங்கள் பதில் அவர் காதில் விழுந்ததா என்று பார்த்தீர்களா? பி12 குறைவு, தைராய்டு, மனச்சோர்வு இவைகூட மறதியாகத் தெரியும், மருந்தும் உண்டு. பயந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுவதற்கு முன்னால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருக்க வேண்டும்.

டாக்டர் வேறு விதமாகச் சொன்னால் ஒழிய, அடுத்த கரண்ட் பில்லை நீங்கள் கட்டாதீர்கள். பணத்தை அவர் கையில் கொடுங்கள். ஆட்டோக்காரரிடம் பேரம் பேசி, வரிசையில் நின்று, பக்கத்தில் நிற்பவள் யார் வீட்டு மருமகள் என்று விசாரித்துவிட்டு வரட்டும். தேதி தவறினால் அபராதத்தை வேண்டுமானால் நீங்கள் கட்டுங்கள்.