சீழ்க்கட்டியைக் கீறும்போது வலி மரக்கச் செய்வது எப்படி? மருத்துவரிடம் கேள்வி பதில்

கேள்வி: தொடையில் வந்த கட்டியைக் கீறியபோது, மரப்பு ஊசி போட்ட பிறகும் உயிர் போகும் வலி. மருந்து ஏன் வேலை செய்யவில்லை, டாக்டர்?

பதில்: நீங்கள் பட்ட வலி உண்மையானது, உங்களுக்குத்தான் பொறுமை இல்லை என்று யாரேனும் சொல்லியிருந்தால் அது தவறு. மரப்பு ஊசியில் உள்ள லிக்னோகெயின் என்ற மருந்து நரம்புச் சவ்வைக் கடக்க வேண்டுமானால் மின்னேற்றம் இல்லாத நிலையில் இருக்க வேண்டும். சீழ் பிடித்த இடத்தில் அமிலத்தன்மை கூடியிருப்பதால், மருந்தின் பெரும்பகுதி மின்னேற்றம் பெற்று நரம்புக்கு வெளியிலேயே நின்றுவிடுகிறது. வீக்கத்தால் பெருகிய இரத்த ஓட்டமும் மருந்தை விரைவில் அடித்துச் சென்றுவிடும். கட்டிக்குள்ளேயே ஊசியைச் செலுத்தினாலோ, ஏற்கெனவே விம்மி நிற்கும் பையில் அழுத்தம் ஏறி வலிதான் கூடும்.

கேள்வி: நான் பயிற்சி மருத்துவர். அப்படியானால் ஊசியை எங்கே போடுவது?

பதில்: கட்டியைச் சுற்றி, சிவப்பு முடிந்து நல்ல தோல் தொடங்கும் இடத்தில் போடுங்கள். எதிரெதிரான இரண்டு முனைகளில் குத்தி, ஒவ்வொன்றிலிருந்தும் இருபுறமும் ஊசியைச் சாய்த்துச் செலுத்தினால், சாய்சதுர வடிவில் ஒரு வேலி அமைந்துவிடும். ஒவ்வொரு முறையும் மருந்தை ஏற்றுமுன் ஊசிக்குழலின் தண்டைப் பின்னிழுத்து, இரத்தம் வருகிறதா என்று பாருங்கள். பிறகு, கீறப்போகும் கோட்டில் தோலுக்குள்ளேயே மெல்லிய ஊசியால் மெதுவாக ஏற்றுங்கள். தோல் வெளுத்து, ஆரஞ்சுத் தோலைப்போலப் புள்ளி புள்ளியாக எழும்பினால் ஆழம் சரி. பலரும் தவறுவது இதற்கு அடுத்த கட்டத்தில்தான்: முழுதாக ஐந்து நிமிடம் காத்திருந்து, இடுக்கியின் நுனியால் கிள்ளிப் பார்த்த பிறகே கத்தியை எடுங்கள்.

கேள்வி: ஊசி மருந்தே எரிகிறதே?

பதில்: 10 மில்லி 1% லிக்னோகெயினுடன் 1 மில்லி 8.4% சோடியம் பைகார்பனேட் கலந்தால் எரிச்சல் குறையும். புபிவகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்துடன் இதே அளவில் கலக்காதீர்கள், படிந்து கலங்கிவிடும்.

கேள்வி: எவ்வளவு வரை கொடுக்கலாம்?

பதில்: அட்ரினலின் (இரத்தக் குழாய்களைச் சுருக்கும் மருந்து) கலக்காத லிக்னோகெயின் என்றால் உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 4.5 மில்லிகிராம், எப்படியும் மொத்தம் 300 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. 60 கிலோ எடையுள்ளவருக்கு 1% மருந்தில் 27 மில்லி, 2% என்றால் அதில் பாதிதான். உதட்டைச் சுற்றி மரக்கிறது, காதில் இரைகிறது என்று நோயாளி சொன்னால், அது இரத்தத்தில் மருந்து மிகுந்துவிட்டதன் அறிகுறி; உடனே நிறுத்துங்கள்.

கேள்வி: என் மகளுக்கு நான்கு வயது. களிம்பு தடவினால் போதாதா?

பதில்: லிக்னோகெயின், பிரிலோகெயின் கலந்த களிம்பு வேலை செய்ய ஒரு மணி நேரம் பிடிக்கும், ஊசிக் குத்தின் வலியைக் குறைக்குமே தவிர, கத்திக்குப் போதாது. அஞ்சி நடுங்கும் குழந்தையை நான்கு பேர் அமுக்கிப் பிடித்துக் கீறுவதை நான் ஏற்கவே மாட்டேன். பயிற்சி பெற்ற குழு, மூச்சையும் நாடியையும் கண்காணித்தபடி கெட்டமின் போன்ற மயக்க மருந்து கொடுத்துச் செய்வதே நல்லது.

கேள்வி: விரல் நுனியிலும் ஆசனவாய் அருகிலும் கட்டி வந்தால்?

பதில்: விரலுக்கு அதன் அடிப்பகுதியில் நரம்பை மரக்கச் செய்தால் போதும். ஆசனவாய் அருகே ஆழமாக இருந்தால், முழு மயக்கமோ முதுகுத்தண்டு ஊசியோ கொடுத்து அறுவை அரங்கில்தான் செய்ய வேண்டும்.

கேள்வி: எல்லாம் சரியாகச் செய்தாலும் வலி இருக்குமா?

பதில்: கீறும்போது பெரும்பாலும் இருக்காது. உள்ளிருக்கும் அறைகளை உடைத்துச் சீழை வெளியேற்றும்போது அழுத்தமும் ஓரளவு வலியும் தெரியலாம். அதை முன்கூட்டியே நோயாளியிடம் சொல்லி, தாங்க முடியாவிட்டால் கையை உயர்த்தச் சொல்லுங்கள். உயர்த்தினால் நிறுத்தி, அளவு மீறாமல் மீண்டும் மருந்து கொடுங்கள்.