வெள்ளத்தில் மூழ்கிய பழைய ஸ்போர்ட்ஸ் கார்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: அப்பா ஆசையாக வாங்கி வைத்திருந்த 1952 எம்ஜி டிடி ஸ்போர்ட்ஸ் கார், சென்னை வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் பேஸ்மென்ட்டில் நின்றிருந்தது. மழையில் சீட் உயரத்துக்குத் தண்ணீர் ஏறிவிட்டது. மோட்டார் வைத்து இறைத்து இன்றுதான் காரை வெளியே பார்க்கிறோம். தெரிந்த மெக்கானிக், பேட்டரியை மாற்றி ஒரு செல்ஃப் அடித்துப் பார்க்கலாம் என்கிறார். பக்கத்து வீட்டுக்காரர், இனி இது தேறாது, வந்த விலைக்குத் தள்ளிவிடுங்கள் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

பதில்: இருவர் சொல்வதையும் கேட்க வேண்டாம். செல்ஃப் அடிக்காதீர்கள், விற்கவும் செய்யாதீர்கள்.

அதே பேஸ்மென்ட்டில் மூழ்கிய புதிய கார்களைப் பார்த்துத்தான் பக்கத்து வீட்டுக்காரர் அப்படிச் சொல்கிறார். இன்றைய காரில் சீட்டுக்கு அடியிலும் டேஷ்போர்டுக்குள்ளும் கம்ப்யூட்டர் பெட்டிகளும் சென்சார்களும் நிறைந்திருக்கின்றன. சீட் வரை தண்ணீர் ஏறினால் அதைத் தேற்றுவது பெரும்பாலும் கட்டுப்படியாகாது. உங்கள் டிடியில் அப்படி எதுவுமே இல்லை. 1250 சிசி வார்ப்பிரும்பு இன்ஜின், இரண்டு எஸ்யூ கார்புரேட்டர், ஒரு டைனமோ, கையளவு ஒயரிங், தனி இரும்பு சேசிஸ், அதன்மேல் மரச்சட்டத்தில் பொருத்திய தகடு, அவ்வளவுதான். எல்லாவற்றையும் கழற்றலாம், கழுவலாம், காயவைத்துத் திரும்ப மாட்டலாம். வெள்ளத்திலிருந்து மீட்க இதைவிட வசதியான வண்டி அமைவது கடினம். அடுத்த சில நாட்களில் என்ன செய்கிறீர்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் எதையும் துடைக்காமல் போட்டோ எடுங்கள். தண்ணீர் நின்ற கோடு கதவிலும் சீட்டிலும் தெரியும். அது படத்தில் விழ வேண்டும். சேசிஸ் நம்பர், இன்ஜின் நம்பர், ஸ்பீடோமீட்டர் எல்லாவற்றையும் எடுங்கள். பிறகு பேட்டரியைக் கழற்றுங்கள். டிடியில் பாசிட்டிவ்தான் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். புதிய கார்களில் பழகிய மெக்கானிக் இதைக் கவனிக்காமல் பேட்டரியைத் தலைகீழாக மாட்டிவிட வாய்ப்பு உண்டு, அருகில் இருந்து பாருங்கள். கையுறையும் பூட்ஸும் போட்டுக்கொண்டு வேலை செய்யுங்கள். வெள்ளச் சேற்றில் சாக்கடை கலந்திருக்கும், எலிக்காய்ச்சல் வரலாம்.

செல்ஃப் ஏன் கூடாது என்றால், ஏர் கிளீனர் வழியாக சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருக்கலாம். பெட்ரோல் கலந்த காற்றை பிஸ்டன் அழுத்தும், ஆனால் தண்ணீரை அழுத்த முடியாது. செல்ஃப் மோட்டார் சுற்றும் வேகத்தில் கனெக்டிங் ராடு வளையும், இல்லாவிட்டால் ஹெட் கேஸ்கெட் போகும். அதுவரை கழுவித் துடைத்தால் சரியாகியிருக்கும் இன்ஜின், அந்த ஒரு நொடியில் லேத் பட்டறைக்குப் போகும் இன்ஜினாகிவிடும். எனவே நான்கு ஸ்பார்க் பிளக்கையும் கழற்றுங்கள். ஒவ்வொரு சிலிண்டரிலும் கொஞ்சம் மெல்லிய ஆயில் ஊற்றி ஊறவிடுங்கள். அப்புறம் வண்டியோடு வந்த கிராங்க் ஹேண்டிலை மாட்டிக் கையால் மெதுவாகச் சுற்றுங்கள். பிளக் துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வந்தால் பயப்பட வேண்டாம், வர வேண்டியதுதான் வருகிறது. இறுகி நின்றால் வலுக்கட்டாயம் செய்யாமல் இன்னும் ஆயில் ஊற்றி ஒரு நாள் விடுங்கள்.

இதை இன்றைக்கே செய்யுங்கள். தண்ணீருக்குள் இருக்கும்வரை இரும்பு மெதுவாகத்தான் துருப்பிடிக்கும். தண்ணீர் வடிந்து ஈரத்தோடு காற்றும் சேரும்போதுதான் துரு ஓட்டமாக ஓடும். காரை வெளியே எடுத்து 'அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று விடுவதைவிடக் கெடுதல் வேறில்லை.

இன்ஜின் ஆயிலை வடிக்கும்போது சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி) போல்ட்டைத் திறந்ததும் முதலில் தண்ணீர் வரும், அது ஆயிலைவிடக் கனமானது. தயிர் கடைந்த நிறத்தில் வந்தால் இரண்டும் கலந்துவிட்டது என்று அர்த்தம். விலை குறைந்த ஆயிலை ஊற்றிக் கையால் சுற்றி வடியுங்கள். தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். கியர்பாக்ஸ், பின் ஆக்சில் இரண்டுக்கும் இதே வைத்தியம்தான். ஆக்சிலில் காற்றுத் துளை இருக்கிறது, தண்ணீர் போகாமல் இருந்திருக்காது. வீல் பேரிங்குகளைக் கழற்றிக் கழுவிப் புது கிரீஸ் வையுங்கள்.

பெட்ரோல் டேங்கை இறக்கியே ஆக வேண்டும். இப்போது பங்க்கில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், அளவு மீறினால் இரண்டும் சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். மேலே பெட்ரோல் சுத்தமாகத் தெரிந்தாலும் பைப்புக்குப் போவது அடியில் இருப்பதுதான். டேங்க் இறங்கியிருக்கும்போதே பழைய ரப்பர் ஹோஸ்களையும் கார்க் கேஸ்கெட்டுகளையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள். வெள்ளம் வராவிட்டாலும் செய்ய வேண்டிய வேலை இது.

பிரேக்கில் சமரசமே வேண்டாம். மாஸ்டர் சிலிண்டர் காலடித் தரைக்குக் கீழே இருப்பதால் முதலில் மூழ்கியது அதுதான். ஃபுளூயிட் முழுவதையும் மாற்றி, எல்லா சிலிண்டர்களிலும் புது ரப்பர் போட்டு, சேறு ஊறிய லைனிங்கைத் தூக்கிப் போடுங்கள். இது முடியும்வரை சக்கரத்தில் உருட்டிக் கட்டி இழுக்காதீர்கள். தட்டையான லாரியில் ஏற்றித்தான் பட்டறைக்குப் போக வேண்டும்.

இனி மரம். டிடியின் பாடி ஆஷ் மரச்சட்டத்தில் கட்டியது. நம் ஊரில் பிறகு பழுது பார்த்தவர்கள் தேக்கு வைத்திருக்கலாம், அப்படியிருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். பலரும் காரை வெயிலில் நிறுத்திக் கதவைத் திறந்து போடுகிறார்கள். வேகமாகக் காய்ந்தால் மரம் முறுக்கிக்கொள்ளும், மூட்டு விட்டுப்போகும், பிறகு கதவு சாத்தாது. கார்பெட்டையும் பஞ்சையும் எடுத்துவிட்டு, தரைப்பலகையைக் கழற்றி, நிழலில் ஃபேன் போட்டுப் பல வாரம் காயவிடுங்கள். காய்ந்த பிறகு மூட்டுகளை ஊசியால் குத்திப் பாருங்கள். மெத்தென்று இறங்கும் இடத்தில் மட்டும் புதிய மரம் போதும். பெட்டி வடிவ சேசிஸுக்குள் சேறு அடைந்திருக்கும். இருக்கிற துளைகள் வழியாக நல்ல தண்ணீரைப் பாய்ச்சி அலசி, உலர்ந்ததும் துருத்தடுப்பு மெழுகு அடிக்கச் சொல்லுங்கள். கடலோரப் பகுதியில் உப்புநீர் ஏறியிருந்தால் எல்லாவற்றுக்கும் முன்னால் நல்ல தண்ணீரில் அலச வேண்டும். நனைந்ததை மேலும் நனைப்பதா என்று தோன்றும். உப்பை விட்டுவைத்தால் காய்ந்த பிறகும் அரித்துக்கொண்டே இருக்கும்.

டைனமோவையும் செல்ஃப் மோட்டாரையும் நல்ல ரீவைண்டிங் கடையில் கொடுத்தால் சரிசெய்துவிடுவார்கள். உதிரிபாகம் பற்றிக் கவலை வேண்டாம். டிடி 1953 வரை ஏறத்தாழ 30 ஆயிரம் கார்கள் தயாராகி, பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அங்கும் இங்கிலாந்திலும் இதற்குப் புது உதிரிகள் இன்றும் விற்கிறார்கள், மாஸ் மோட்டார்ஸ் அதில் பெயர் பெற்றது. போல்ட், பேரிங், ஆயில் சீல் போன்றவை அளவு சொன்னால் சென்னை ஜி.பி. ரோட்டு உதிரிபாகக் கடைகளிலேயே கிடைக்கலாம். ஆர்டர் போடும் முன் அங்கே ஒரு நடை போய்வாருங்கள், சுங்கவரி மிச்சமாகும்.

கேள்வி: என் பழைய ஸ்போர்ட்ஸ் காருக்கு முழு இன்ஷூரன்ஸ் இருக்கிறது. ஐடிவி (கார் முழுவதும் போனால் கிடைக்கும் அதிகபட்சத் தொகை) 2 லட்சம். 'இன்ஜின் புரொடெக்ட்' என்ற கூடுதல் பாதுகாப்பு எடுக்கவில்லை, அதனால் இன்ஜினுக்குப் பணம் கிடையாது என்கிறார்கள். டோட்டல் லாஸ் என்று எழுதி 2 லட்சம் தருகிறோம், கையெழுத்துப் போடுங்கள் என்றும் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: இன்னும் போடாதீர்கள்.

முழு பாலிசியின் சொந்தச் சேதப் பிரிவில் வெள்ளமும் புயலும் பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. நிறுவனங்கள் மறுப்பது, தண்ணீர் புகுந்த பிறகு இன்ஜினைச் சுற்றியதால் வந்த சேதத்தை. அதைத் தொடர்விளைவுச் சேதம் என்பார்கள். நிறுத்தி வைத்த காரில் வெள்ளம் ஏறியது வேறு. நீங்கள் சாவியையே திருப்பவில்லை என்பதை போட்டோ, காவலாளியின் வாக்குமூலம், கிரேன் ரசீது இவற்றோடு எழுத்தில் கொடுங்கள். இன்ஜினைப் பிரிக்கும்போது இன்ஷூரன்ஸ் சர்வேயர் கூடவே இருக்கட்டும். ராடு வளையவில்லை என்று அவர் கண்ணால் பார்த்துவிட்டால் உங்கள் தரப்பு வலுவாகிவிடும்.

டோட்டல் லாஸ் விஷயம் இதைவிட முக்கியம். பழுதுச் செலவு ஐடிவியில் 75 சதவீதத்தைத் தாண்டினால் முழு இழப்பாகக் கணக்கிடுவது வழக்கம். 2 லட்சத்தில் அது ஒன்றரை லட்சம். பழைய ஸ்போர்ட்ஸ் காரின் மரவேலையும் லெதரும் மட்டுமே அதைத் தொட்டுவிடும். முழு இழப்பை ஒப்புக்கொண்டால் பொதுவாகக் காரை அவர்களிடம் விட வேண்டும், ஆர்சியை ரத்து செய்யவும் கேட்பார்கள். சந்தையில் பல மடங்கு போகும் காரின் அடையாளமே அதோடு போய்விடும். எனவே, கழிவு மதிப்பை (சேதமான நிலையில் காருக்குக் கிடைக்கும் விலை) கழித்துக்கொண்டு மீதிப் பணத்தைத் தாருங்கள், காரும் ஆர்சியும் என்னிடமே இருக்கட்டும் என்று எழுதிக் கேளுங்கள். கழிவு மதிப்பை எப்படிப் போட்டார்கள் என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். 'முழுத் திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகம் உள்ள வவுச்சரில் அவசரப்பட்டுக் கையெழுத்திட்டால் பிறகு வழக்காடுவது கஷ்டம்.

மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்புப் பிரிவுக்குப் புகார் கொடுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லாவிட்டாலோ இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

அடுத்த முறை புதுப்பிக்கும்போது இந்த 2 லட்சத்தை அப்படியே விட்டுவிடாதீர்கள். ஐந்து ஆண்டுக்கு மேற்பட்ட காருக்கு ஐடிவி என்பது நீங்களும் நிறுவனமும் பேசி முடிவு செய்வதுதான். மதிப்பீட்டாளரின் சான்றோடு நியாயமான தொகை கேளுங்கள். பிரீமியத்தைக் குறைக்க ஐடிவியைக் குறைத்தவர்கள் வெள்ளத்தன்று அழுவதைப் பார்க்க எனக்கு மனசு கேட்பதில்லை.

கேள்வி: கோவையில் ஒரு எம்ஜிபி (எம்ஜியின் இன்னொரு பழைய ஸ்போர்ட்ஸ் கார்) விலைக்கு வருகிறது. புது பெயின்ட், புது கார்பெட், விலையும் குறைவு. சென்னையிலிருந்து வந்த வண்டி என்பதால் வெள்ளத்தில் நின்றிருக்குமோ என்று சந்தேகம். எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: சந்தேகம் நியாயமானது. 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் ஏராளமான கார்கள் மூழ்கின. அவற்றில் பல வெளியூர்களுக்குப் போய்விட்டன.

பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். ஹெட்லைட்டைக் கழற்றி உள்ளே விரலை விட்டுப் பாருங்கள், மெல்லிய வண்டல் படிந்திருக்கும். அதை யாரும் துடைப்பதில்லை. சீட் தண்டவாளத்தின் போல்ட், டேஷ்போர்டின் பின்புறம், மீட்டர் கண்ணாடிக்குள் ஆவிக் கறை, ஸ்பேர் வீல் குழி ஆகியவற்றைப் பாருங்கள். எம்ஜிபியில் சீட்டுகளுக்குப் பின்னால், தரைக்கு அடியில் பேட்டரி உட்காரும். அந்தப் பெட்டியின் அடித்தகடு தின்றுபோயிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்கவும்.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை கதவுக்குக் கீழே ஓடும் சில் பகுதி. டிடிக்குத் தனி சேசிஸ் உண்டு, எம்ஜிபிக்கு இல்லை. அதன் பாடிதான் சேசிஸ், பலம் முழுக்க அந்த சில்லில் இருக்கிறது. உள்ளே சேறு தங்கினால் வெளியே பளபளப்பாக இருந்தபடியே உள்ளிருந்து அரிக்கும். காந்தம் வைத்து நீளவாட்டில் இழுங்கள். ஒட்டாத இடத்தில் பட்டி பூசியிருக்கிறார்கள். பின்பு காரை ஜாக்கியில் தூக்கிக் கதவைத் திறந்து மூடுங்கள். கதவு இடிக்கிறது என்றால், எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள்.

இன்னொன்று. தனிநபர் ஒருவர் தன் சொந்தக் காரை விற்கும்போது அவர் வியாபாரி அல்ல. ஏமாந்தாலும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது, சிவில் கோர்ட்தான் வழி. எனவே 'இந்தக் கார் வெள்ளத்தில் மூழ்கியதில்லை' என்று விற்பவரிடம் எழுதி வாங்குங்கள். எழுதித் தரத் தயங்கினால் பதில் தெரிந்துவிட்டது.

கேள்வி: வெள்ளத்தில் நனைந்த காரைப் பட்டறையில் விட்டு நீண்ட நாளாயிற்று. பெரிய தொகை முன்பணம் வாங்கிவிட்டார்கள். வேலை நகரவில்லை, பாதி பாகங்கள் எங்கே என்றே தெரியவில்லை.

பதில்: முதலில் நேரில் போய், கழற்றிய பாகங்களை அடுக்கி வைக்கச் சொல்லிப் பட்டியல் எழுதிப் படம் எடுத்து, இருவரும் கையெழுத்திடுங்கள். பணத்தைவிட பாகங்கள் முக்கியம். முன்பணத்தை வழக்குப் போட்டு வாங்கலாம், ஒரிஜினல் கார்புரேட்டரை வாங்க முடியாது. பிறகு தேதி குறிப்பிட்டு ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். நகராவிட்டால் 1915 எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையம் இருக்கிறது. பல பட்டறைகள் அந்த அழைப்புக்கே இறங்கி வருகின்றன. அதற்கும் அசையாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும்.

இனிமேல் காரை விடுபவர்களுக்கு: மொத்தமாக ஒரு தொகை பேசாதீர்கள். இன்ஜின், பிரேக், ஒயரிங், மரவேலை, டிங்கரிங், பெயின்ட் என்று பிரித்து எஸ்டிமேட் வாங்கி, ஒரு கட்டம் முடிந்து பார்த்த பிறகு அடுத்ததற்குப் பணம் கொடுங்கள். பெயின்ட் கடைசியில்தான். பெயின்ட்டை முதலில் அடிக்கலாம் என்கிற பட்டறையில் காரை விட வேண்டாம்.

கேள்வி: ஐம்பது வயதைத் தாண்டிய கார். சரிசெய்து முடித்தாலும் பழைய வண்டி என்று ஸ்கிராப்புக்கு அனுப்பிவிடுவார்களா?

பதில்: மாட்டார்கள். ஐம்பது ஆண்டைத் தாண்டிய, பெரிதாக மாற்றியமைக்கப்படாத கார்களை விண்டேஜ் என்று தனியாகப் பதியும் விதி 2021-ல் வந்தது. எண்ணில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதிதாகப் பதிய 20 ஆயிரம் ரூபாய், பத்து ஆண்டு செல்லும். மறுபதிவுக்கு 5 ஆயிரம். ஆனால் அந்தப் பதிவில் தினமும் ஆபீஸுக்கு ஓட்ட முடியாது. கண்காட்சி, ராலி, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்றவற்றுக்கு மட்டும்தான் சாலையில் எடுக்கலாம். தினசரி ஓட்ட நினைத்தால் இப்போதுள்ள சாதாரணப் பதிவைப் புதுப்பித்து வாருங்கள். எந்த வழியில் போனாலும் சேசிஸ் நம்பர் தெளிவாகத் தெரிய வேண்டும். துருவைச் சுரண்டும்போது அந்தத் தகட்டின் மேல் கிரைண்டர் வைக்க வேண்டாம் என்று பட்டறையில் இன்றே சொல்லிவிடுங்கள்.